ஓடுபட்டியிற் குதிரையும் பந்தயத்திடலிற் குதிரையும்

சிறுபோக உழவு தொடங்குவதற்கு முன்னர் நடைபெற்ற கமக்காரர் கூட்டமொன்றில், உழவு மாடுகளின் தீனைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடியுந் தறுவாயில் இளைஞர் ஒருவர் தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பந்தயக் குதிரை ஒன்று நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் குளம்புகளின் கீழே அகன்ற இறப்பர்ப் பட்டியொன்று பின்னோக்கி விரைந்து சென்றது. குதிரையின் மூக்கில் ஒரு கவசமும், அதிலிருந்து ஒரு குழாயும் பொருத்தப்பட்டிருந்தன. பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் அதனை உற்றுப் பார்த்துவிட்டு, “ஐயா, பட்டியெல்லோ காலைப் பின்னாலை இழுத்துக்கொண்டு போகுது. குதிரை சும்மா தூக்கித் தூக்கி வைக்குது. இதிலை அதுக்கு என்ன களைப்பு?” என்று கேட்டார். கூட்டத்தினர் நகைத்தனர்.

அவ்வினா நகைப்புக்குரியதன்று. இதே வினாவை ஆராய்ச்சியாளர் பலர் பல ஆண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். பட்டியில் ஓடுங் குதிரையும் திடலில் ஓடுங் குதிரையும் ஒரே வேகத்திற் சென்றாலும் அவற்றின் இதயமும் குருதியும் எலும்பும் ஒரே வகையில் உழைப்பதில்லை என்பது அவ்வாராய்ச்சிகளின் முடிபு. அன்று முழு விடை கூற நேரம் வாய்க்கவில்லை. ஆதலின் அதனை இங்கு எழுதலானேன்.

நெல்லும் மரக்கறியும் பயிரிடுவோருக்குப் பந்தயக் குதிரையால் யாது பயன் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பட்டி முதன்முதல் உழைத்தது பந்தயத்துக்காகவன்று, கமத்திற் பாடுபடும் விலங்குக்காகவே. மேலும், அதன்மீது கண்டறியப்பட்ட உண்மையொன்று எமது வயலில் உழும் எருமைக்கும் பொருந்துவதாகும். அதனை இறுதியிற் கூறுவேன்.

வேளாண்மைக் கல்லூரியில் ஒரு பொறி

செக்கு மாட்டை நாம் அறிவோம். நாள் முழுவதும் நடந்தும் அது தன் ஊரைவிட்டு அகலாது. மேலைநாடுகளிலும் விலங்குகளை ஒரு பலகைச் சரிவின்மீது மிதிக்கச் செய்து, அந்த மிதியாற் பொறிகளை இயக்கும் வழக்கம் முற்காலத்தில் இருந்தது. அங்கு விலங்கு மிதித்தது, பொறி சுழன்றது. இம்முறையைத் தலைகீழாக்கி, பொறி பட்டியைச் சுழற்ற விலங்கு அதற்கு ஈடுகொடுத்து நடக்குமாறு செய்தவர்களுள் முதன்மையானவர் நாதன் சூன்ற்ஸ் என்னும் ஜேர்மானிய உடற்றொழிலியல் அறிஞர். அவர் பேர்லின் நகரத்து வேளாண்மைக் கல்லூரியிற் பணியாற்றினார். 1889ஆம் ஆண்டில் அத்தகைய ஓடுபட்டியொன்றை அவர் அமைத்தார்.

அவர் அறிய விரும்பியது, வண்டியும் கலப்பையும் இழுக்கும் குதிரை தன் உழைப்புக்கு எவ்வளவு தீனைச் செலவிடுகின்றது என்பதே. விலங்கு உட்கொள்ளும் ஒட்சிசனின் அளவைக் கண்டால், அதன் உடலில் எரியும் தீனின் அளவைக் கணிக்கலாம். ஆனால் வயலில் உழும் குதிரையின் மூச்சுக்காற்றை எவ்வாறு பிடிப்பது? கருவிகளைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னே ஓட இயலாது. ஆகவே நிலத்தையே விலங்கின் காலடிக்குக் கொண்டுவந்து, கருவிகளை அதன் பக்கத்தில் நிலையாக நிறுத்தினார். சமநிலத்தில் நடக்கையில், சரிவேறுகையில், சுமை தாங்குகையில், இழுக்கையில் என வெவ்வேறாக அளந்தார். ஹாகமன் என்பவருடன் சேர்ந்து அவர் 1898இல் வெளியிட்ட நூல், உழைக்கும் விலங்கின் தீனைக் கணக்கிட்ட பிற்கால நூல்களுக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. நான் பாடசாலையிற் கற்ற தீன் அட்டவணைகளின் பின்னால் இத்தகைய பட்டியொன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதை அப்போது எவரும் எனக்குச் சொல்லவில்லை.

பந்தயக் குதிரை இப்பட்டியின்மீது ஏறியது பிற்காலத்திலாகும். சுவீடன் நாட்டின் ஸ்ரொக்ஹோம் நகரத்துக் கால்நடை வைத்தியக் கல்லூரியில் சூனே பேர்சொன் என்பவர், பெருநடையோட்டப் பந்தயக் குதிரைகளைப் பட்டியில் ஓடச்செய்து, அவற்றின் உடலிலுள்ள மொத்தக் குருதியின் அளவுக்கும் அவற்றின் உழைப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பை 1967இல் வெளியிட்டார். அதன் பின்னர், சிறப்பாக 1980ஆம் ஆண்டுகளில், மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேலும் ஓடவல்ல பட்டிகள் பல நாட்டுக் கால்நடை வைத்தியக் கல்லூரிகளில் நிறுவப்பட்டன.

ஓடுங்கால் குதிரையின் உடலில் நிகழ்வன

பட்டிக்கும் திடலுக்கும் உள்ள வேற்றுமையை விளங்கிக்கொள்ளுமுன், ஓடுங் குதிரையின் உடலில் நிகழ்வனவற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும். முழுவேகத்தில் ஓடும்போது அது 220 முதல் 240 முறை வரை துடிக்கும். மனிதரின் இதயம் தன் ஓய்வுத் துடிப்பை ஏறக்குறைய மூன்று மடங்காகவே உயர்த்தவல்லது. குதிரையின் இதயமோ ஆறேழு மடங்காக உயர்த்துகின்றது. பந்தயக் குதிரையின் இதயம் 4 முதல் 5 கிலோகிராம் நிறையுடையது. 1932இல் இறந்த பார் லாப் என்னும் பெயர்பெற்ற குதிரையின் இதயம் 6 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டது. அது இன்றும் அவுஸ்திரேலியாவின் தலைநகரான கன்பராவிலுள்ள தேசிய அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளது. உச்ச உழைப்பில் இத்தகைய இதயம் நிமிடமொன்றுக்கு 250 லீற்றருக்கு மேற்பட்ட குருதியை உந்தித் தள்ளுகின்றது. மருந்தடிக்கும் தெளிகருவியின் தொட்டி 16 லீற்றர் கொள்ளும் என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் பெருமை விளங்கும்.

குதிரையின் மண்ணீரல் மற்றொரு விந்தை. ஓய்வு வேளையில் செங்குழியங்களில் ஒரு பெரும் பங்கை அது தன்னுட் சேமித்து வைத்திருக்கும். ஓட்டந் தொடங்கியதும், குளத்துத் துருசைத் திறந்தாற்போல, அவற்றைக் குருதியோட்டத்துள் விட்டுவிடும். ஓய்வில் குருதியின் கொள்ளளவில் நூற்றுக்கு 40 அளவாயிருக்கும் செங்குழியங்கள் அப்போது 60க்கு மேல் உயர்கின்றன. ஒட்சிசனைச் சுமப்பவை அக்குழியங்களே. ஆதலின் குதிரை தனக்கு வேண்டிய குருதியைத் தானே ஓட்டத்தின் நடுவில் ஏற்றிக்கொள்கின்றது எனலாம்.

மூச்சும் காலும் இணைந்தே செல்கின்றன. பாய்ந்தோடும் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சாக, நிமிடத்துக்கு 120 முதல் 140 முறை மூச்சு விடும். நாய்போல வாயைத் திறந்து மூச்செடுக்கக் குதிரையால் இயலாது. அதற்கு மூக்கு ஒன்றே வழி.

வேகம் ஓர் எல்லையைக் கடந்ததும், வந்துசேரும் ஒட்சிசன் தசைகளுக்குப் போதாமற் போகும். அப்போது தசை ஒட்சிசனின்றியும் சக்தியைப் பெறுகின்றது. அதன் விளைவாக இலற்றிக்கமிலம் குருதியிற் கூடுகின்றது. பந்தயத்தின் பின்னர் அது ஓய்வு நிலையைவிட 20 மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும். களைப்புக்கு அதுவே காரணமென முன்னர் எண்ணினர். இன்று அதனை உழைப்பின் அளவுகோலாகவே பெரிதும் கொள்கின்றனர். எனவே குதிரையின் உழைப்பை அறிய விரும்புவோர் இரண்டைப் பார்ப்பர். இதயம் நிமிடத்துக்கு 200 முறை துடிக்கும்போது குதிரையின் வேகம் எவ்வளவு என்பது ஒன்று. குருதியில் இலற்றிக்கமிலம் குறித்தவொரு மட்டத்தைத் தொடும்போது வேகம் எவ்வளவு என்பது மற்றொன்று. தகுதி பெற்ற குதிரை அவ்வெல்லைகளைக் கூடிய வேகத்திலேயே தொடும்.

பட்டி காலை இழுக்கின்றதா?

இனி அம்முதியவரின் வினாவுக்கு வருவோம்.

யாழ்தேவிப் புகையிரதம் ஒரு நிலையத்தைவிட்டு மெல்லப் புறப்படுகின்றது என்று கொள்வோம். அது நாம் நடக்கும் வேகத்திலேயே செல்கின்றது. பெட்டியினுள்ளே ஒருவர் வண்டி செல்லும் திசைக்கு எதிராக நடக்கின்றார். வெளியே மேடையில் நிற்பவருக்கு அவர் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பதுபோலத் தோன்றும். நடப்பவருக்கோ வீட்டு முற்றத்தில் நடப்பதற்கும் அதற்கும் யாதொரு வேறுபாடும் இல்லை. வண்டியின் தளம் சீரான வேகத்திற் செல்லும்வரை, அவரது கால் அதே அளவு உந்தவேண்டும், அதே அளவு உடலைத் தாங்கவேண்டும். ஓடுபட்டியும் அவ்வாறே. பட்டி காலைப் பின்னே கொண்டு செல்கின்றது என்பது உண்மை. ஆயின் குதிரை உந்தாது நின்றால், காலோடு குதிரை முழுவதையுமே அது பின்னே கொண்டுபோய்த் தள்ளிவிடும். இடத்தில் நிலைத்திருப்பதற்கே குதிரை ஓடவேண்டியுளது. ஆகவே களைப்பு உண்டு. பட்டி சும்மா தூக்கி வைக்கும் விளையாட்டன்று.

எனினும் முதியவர் கூறியதில் ஒரு சிறு உண்மை உண்டு. 450 கிலோகிராம் நிறையுள்ள விலங்கின் குளம்பு பட்டியில் விழும் கணத்தில், எத்துணை வலிய மோட்டராயினும் பட்டி சற்றுத் தயங்கி, உடனே மறுபடியும் விரைகின்றது. புகையிரதத் தளத்தைப்போல அது முற்றிலுஞ் சீரானதன்று. மேலும் குதிரையின் நடையும் பட்டியிற் சிறிது மாறுகின்றது. முன்கால் தரையிற் பதிந்திருக்கும் நேரம் சற்று நீள்கின்றது. கால் உடலுக்குப் பின்னே கூடுதலாகச் செல்கின்றது. உடல் மேலுங் கீழுமாக எழும்பித் தாழ்வது குறைகின்றது. புதிய குதிரையிடம் இம்மாற்றம் மிகுதி. பெருநடையோட்டம் சில தடவைகளிற் பழகிவிடும். மெதுவான நடை பழகுவதற்கு அதைவிடக் கூடிய நாட்கள் எடுக்கும். நுகம் பழகாத நாம்பன் முதல் நாளில் எதைச் செய்தாலும் அதனைக் கணக்கில் எடாதது போலவே, பட்டி பழகாத குதிரையின் முதல் அளவுகளையும் ஆராய்ச்சியாளர் கணக்கில் எடுப்பதில்லை. அச்சத்தினாலேயே அதன் இதயம் கூடுதலாகத் துடிக்கும்.

திடலிற் பாடு மிகுதி

இவ்வளவு ஒற்றுமை இருந்தும், பழகிய குதிரையைச் சமமான பட்டியில் ஒரு வேகத்தில் ஓட்டி, பின்னர் அதே வேகத்தில் திடலிலும் ஓட்டி அளந்தால், திடலிலேயே இதயத் துடிப்பும் இலற்றிக்கமிலமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. பந்தயக் குதிரைகளிலும், வண்டி இழுக்கும் பெருநடைக் குதிரைகளிலும், சவாரிக் குதிரைகளிலும் இது காணப்பட்டுள்ளது.

காற்று ஒரு காரணம். சோழகம் வீசும் மாதங்களில் எதிர்காற்றிற் சைக்கிள் மிதித்தவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் குதிரைக்கு, இலை அசையாத நாளிலுங்கூட, அதே வேகத்தில் எதிர்காற்று வீசுகின்றது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். பட்டியில் ஓடும் குதிரையோ இடம் பெயர்வதில்லை. ஆகவே அதன் முகத்திற் காற்று மோதுவதுமில்லை.

அடுத்தது சவாரிக்காரர். அவரும் சேணமும் சேர்ந்து 50 முதல் 60 கிலோகிராம் இருக்கலாம். பட்டியிற் பெரும்பாலும் குதிரை வெறும் முதுகுடன் ஓடுகின்றது. சில ஆராய்ச்சிகளில் ஈயக்கட்டி வைத்த சேணத்தைக் கட்டி இதனை ஈடுசெய்ததுண்டு. ஆனால் உயிரற்ற ஈயமும், சாய்ந்து எழுந்து கடிவாளத்தைப் பிடிக்கும் மனிதரும் ஒன்றாகார்.

நிலத்தின் தன்மையும் பெரிது. தார் வீதியில் நடப்பதற்கும் மணற்காட்டில் நடப்பதற்கும், அதனினும் மேலாகத் தொளியடித்த வயலில் நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கமக்காரரின் முழங்கால் அறியும். கால் புதைந்து எழும் ஒவ்வொரு முறையும் கொடுத்த சக்தியின் ஒரு பகுதியை நிலம் விழுங்கிவிடுகின்றது. பட்டி எப்போதும் ஒரே உறுதியுடையது. திடலின் புற்றரையோ மணலோ நேற்றுப் பெய்த மழைக்கேற்ப இன்று மாறும். அதனோடு திடலில் வளைவுகள் உண்டு. பட்டிக்கு வளைவு இல்லை. மற்றக் குதிரைகளின் அருகாமையும் ஆரவாரமும் குதிரையின் மனத்தைக் கிளறி, மெதுவாகச் செல்லும்போதே துடிப்பை ஏற்றிவிடுகின்றன.

இவ்வேறுபாட்டை நிரப்பப் பட்டியின் முன்பக்கத்தை உயர்த்துவர். 100 அடி சென்றால் 6 அடி உயருமாறோ 10 அடி உயருமாறோ சரிவு கொடுத்து ஓட்டினால், குறைந்த வேகத்திலேயே இதயம் தன் உச்சத்தைத் தொட்டுவிடும். இது பயனுள்ள முறை. ஆயினும் முழு ஈடன்று. மேட்டில் ஏறும் விலங்கு பின்கால்களாற் கூடுதலாக உந்துகின்றது. முன்கால்களிற் பாரம் குறைகின்றது. இதயத்தின் கணக்குச் சரியாக வந்தாலும் கால்களின் கணக்கு மாறிவிடும்.

சமமான பட்டியிற் கண்ட வேகத்தை அப்படியே திடலுக்குக் கொண்டுசென்ற பயிற்சியாளர் தம் குதிரையை உள்ளதைவிடத் தகுதியுடையதென மதிப்பிட்டுவிடுவார். இத்தவறு எமக்குப் புதிதன்று. ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் நீரும் பசளையும் களையெடுப்பும் உரிய நாளில் நடைபெற, புதிய நெல்லினம் ஒன்று தரும் விளைச்சலைக் கண்டு, அதையே தம் வயலிலும் எதிர்பார்த்து ஏமாந்த கமக்காரர் பலரை நான் சந்தித்திருக்கிறேன். எம்மைப் போன்ற போதனாசிரியரும் அதற்குச் சிறிது பொறுப்பு ஏற்கவேண்டியவர்களே. பாத்தி பொய் சொல்லவில்லை. இரண்டு இனங்களுள் எது சிறந்தது என்பதை மற்றெல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பாத்தியிற்றான் காணமுடியும். அதுபோலவே, சென்ற மாதத்தைவிட இம்மாதம் ஒரு குதிரை தேறியிருக்கின்றதா என்பதை, காற்றும் மழையும் சவாரிக்காரரும் குறுக்கிடாத பட்டியிலே ஐயமின்றிக் காணலாம். பட்டியைப் பட்டியோடும் திடலைத் திடலோடும் ஒப்பிடும்வரை வழுவில்லை.

தொண்டையைப் பார்த்தல்

சில குதிரைகள் ஓடும்போது மூச்சில் உறுமல் ஒலி எழுப்பும். தொண்டையின் இடப்பக்கத்து நரம்பு நலிந்து, குரல்வளையின் அப்பக்கம் திறவாதிருத்தல் இதற்கு ஒரு காரணம். நிற்கும் குதிரையின் தொண்டையுட் குழாய்க்கருவியை விட்டுப் பார்த்தால் குறை தென்படாதிருக்கலாம். ஓடும்போதே பார்க்கவேண்டும். பட்டியினாலேயே அது முதன்முதல் இயல்வதாயிற்று. பின்னர், கருவியைக் குதிரையின் தலையிலேயே கட்டித் திடலில் ஓடவிட்டுப் பார்க்கும் முறையும் வந்தது. இரண்டிலும் ஒரே குறை எப்போதும் தென்படுவதில்லை. சவாரிக்காரர் கடிவாளத்தை இழுத்துக் குதிரையின் கழுத்தை வளைக்கும்போது மட்டும் தோன்றும் அடைப்புகளைப் பட்டி காட்டாது. மறுபுறம், உச்சக் களைப்பில் மட்டும் தோன்றும் குறை, பயிற்சித் திடலில் அரைமனதோடு ஓடும் குதிரையில் மறைந்துவிடலாம்.

இதயம் முந்தும், எலும்பு பிந்தும்

பந்தயக் குதிரை காலை முறித்துக்கொண்டால் பெரும்பாலும் அதற்கு வாழ்வில்லை. மூன்று காலில் நீண்டநாள் நின்று ஆறக்கூடிய விலங்கன்று அது. ஆதலின் பயிற்சியில் மிகுந்த கவனத்துக்குரியது எலும்பேயாகும்.

முழுவேகப் பாய்ச்சலில் ஒரு முன்கால் மட்டும் நிலத்திலிருக்கும் கணமுண்டு. அக்கணத்தில் உடல் நிறையின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரம் அவ்வொரு காலில் இறங்குகின்றது. அதாவது, மனிதரின் மணிக்கட்டை ஒத்த பருமனுள்ள எலும்பின்மீது ஒரு தொன்னுக்கு மேல். அதன் பின்னாலுள்ள தசைநாண் நீண்டு சுருங்கிச் சூடேறி, உள்ளே 45 பாகை செல்சியசு வரை வெப்பமடைவதும் அளக்கப்பட்டுள்ளது.

எலும்பு உயிருள்ள பொருள். வரும் பாரத்தை அறிந்து அது தன்னைத்தானே தடிப்பாக்கிக்கொள்ளும். ஆனால் இதயமும் தசையும் சில வாரங்களில் தேறிவிட, எலும்புக்கோ மாதங்கள் செல்லும். மேலும் அது தனக்கு வந்த பாரத்துக்கே தன்னை அமைத்துக்கொள்ளும், வராத பாரத்துக்கு அமைத்துக்கொள்ளாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து டேவிட் நுனமேக்கர் என்பவர், இரண்டு வயதுக் குதிரைகளின் முன்கால் முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பில் உண்டாகும் நோவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நாள்தோறும் மெதுவாக நெடுந்தூரம் ஓடிய இளங்குதிரைகளின் எலும்பு, மெதுவான ஓட்டத்துக்கே ஏற்றதாய் வளர்ந்திருந்தது. பந்தய வேகத்தில் அவ்வெலும்பு வளையும் விதமே வேறு. சிறிய தூரத்தைப் பந்தய வேகத்தை அணுகி ஓடும் பயிற்சியை இடையிடையே அளவாகச் சேர்த்தபோது அந்நோவு குறைந்தது.

இதனைப் பட்டியோடு பொருத்திப் பார்க்க. முதுகிற் சவாரிக்காரரில்லை, வளைவில்லை, சரிவுப் பட்டியாயின் முன்காலிற் பாரமுங் குறைவு. அத்தகைய பட்டியில் மாதக்கணக்காக ஓடிய குதிரையின் இதயம் திடலில் முழுவேகம் ஓடத் தயாராகிவிடும். கால் தயாராகாது. இதயம் அழைக்குமிடத்துக்குக் கால் செல்லுகையில் எலும்பு வெடிக்கின்றது. நோயிலிருந்து எழுந்த குதிரைக்கும், மழையால் திடல் கெட்ட நாட்களுக்கும் பட்டி உற்ற துணை. திடலைப் பட்டியாற் பதிலீடு செய்ய முனைவதே ஆபத்து. எமது மாட்டுவண்டிச் சவாரி எருதுகளை வளர்ப்போரும் இதனை ஒருவகையில் அறிவர். கொட்டிலில் நல்ல தீனுண்டு கொழுத்த எருதை நேரே சவாரித்தரவைக்குக் கொண்டுசெல்லும் அனுபவசாலி எவருமில்லை.

வெப்பம்

இதுவரை கூறியவற்றில் திடலிலேயே பாடு மிகுதி. வெப்பத்தில் மட்டும் நிலைமை மறுதலையாகும்.

தசையில் எரியும் தீனின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே ஓட்டமாகின்றது. எஞ்சியது வெப்பமாகின்றது. உடல் பெரிதாகப் பெரிதாக, நிறைக்கேற்ற தோலின் பரப்புக் குறைவு. எனவே குதிரை மனிதரைவிட விரைவிற் சூடேறும், மெதுவாகத் தணியும். அதன் உடல் வெப்பநிலை ஓய்வில் 38 பாகை செல்சியசு அளவாகும். கடும் ஓட்டத்தின் பின் 41, 42 வரை செல்லும். மணிக்கு 10 லீற்றருக்கு மேலும் அது வியர்க்கக்கூடும். திடலில் ஓடும்போது எதிர்காற்று அந்த வியர்வையை உலர்த்தி உடலைக் குளிர்விக்கின்றது. ஓட்டத்துக்குத் தடையாகிய அதே காற்று இங்கே துணையாகின்றது. பட்டியில் அக்காற்றில்லை. வியர்வை உலராது வழிந்து வீணாகின்றது. ஆகையால் பட்டியின்முன் பெரிய விசிறிகளை வைத்தே குதிரையை ஓட்டுவர். விசிறியின்றி நெடுநேரம் ஓட்டினால் அதே வேகத்தில் திடலைவிட விரைவிலேயே உடல் கொதிக்கும்.

1992இல் பார்சலோனாவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் நெடுந்தூரம் பாய்ந்த குதிரைகள் சில வெப்பத்தால் மிகவும் வாடின. அடுத்த போட்டி 1996இல் அமெரிக்காவின் அற்லாண்டா நகரில், வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த கோடையில் நடக்கவிருந்தது. குதிரைகள் இறக்கக்கூடுமென அஞ்சியோர் பலர். அப்போது இங்கிலாந்தின் நியூமார்க்கெற் நகரில், 2020இல் மூடப்பட்ட விலங்குச் சுகாதார அறக்கட்டளை நிலையத்திலும் பிற நாட்டு ஆய்வுகூடங்களிலும் ஓடுபட்டியை மூடிய அறையில் வைத்து, அறையை அற்லாண்டாவின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கொண்டுவந்து, குதிரைகளை ஓட்டி ஆராய்ந்தனர். சூடேறிய குதிரைமேல் மிகக் குளிர்ந்த நீரை வார்த்தால் தசை இறுகி விலங்கு விழுந்துவிடும் என்பது குதிரைக்காரரிடை நெடுநாள் நிலவிய நம்பிக்கை. பட்டியில் அது பிழையென்று காணப்பட்டது. குளிர்ந்த நீரை உடல் முழுவதும் மீண்டும் மீண்டும் வார்க்க, வெப்பம் விரைந்து இறங்கியது. தசைக்கு யாதொரு கேடும் நேரவில்லை. அற்லாண்டாவில் ஓய்விடங்களை நீட்டினர், நீர்த்தூவி விசிறிகளை வைத்தனர், குளிர்நீரை வாரி வார்த்தனர். போட்டி பெருங்கேடின்றி நடந்தேறியது.

இச்செய்தியை நான் முதன்முதல் படித்தபோது நினைவுக்கு வந்தது எங்கள் கடா ஒன்று. நான் சிறுவனாயிருந்த காலத்தில் எரிபொருள் கிடையாமையால் எங்கள் பகுதியில் உழவு இயந்திரங்கள் முடங்கின. எருமைகள் மீண்டும் வயலில் இறங்கின. சித்திரை வெயிலில் நண்பகல் கடந்தும் உழுத கடா, வாயால் நுரை தள்ளி, நாக்கை நீட்டி, கால் பரப்பி நின்றது. நான் வாய்க்கால் நீரை வாளியில் அள்ளிக்கொண்டு ஓடினேன். “சூட்டோடை தண்ணி ஊத்தாதையடா தம்பி, சன்னி பிடிச்சுப் போகும்” என்று மாமா தடுத்துவிட்டார். மரநிழலுக்குக் கொண்டுசென்றோம். மாலைக்கு முன்னர் அது இறந்துவிட்டது. மாமா அக்கறையாற் கூறினாரேயன்றி வேறில்லை. அவருக்கு முன்னோர் கூறியதை அவர் எனக்குக் கூறினார்.

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கருந்தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். சேற்றிலும் நீரிலும் அமிழ்வதே அதன் குளிர்ச்சி. உழவின்போது எதிர்காற்றும் இல்லை, ஏனெனில் அது நடக்கும் வேகம் அவ்வளவே. அவ்வகையில் வயலில் உழும் எருமை, விசிறியில்லாத பட்டியில் ஓடும் குதிரையைப் போன்றது. ஆகவே வைகறையில் ஏரைப் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்தல் வேண்டும். மூச்சு விரைந்து, வாய் திறந்து, நாக்கு வெளிவந்தால் அக்கணமே நுகத்தை இறக்குக. நிழலுக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே நீர் வார்க்கத் தொடங்கலாம். கிணற்று நீரோ வாய்க்கால் நீரோ, கிடைத்த நீரைத் தலை, கழுத்து, முதுகு, விலா, தொடை எங்கும் ஊற்றுக. ஒருமுறை ஊற்றி நிறுத்தலாகாது. தோலில் நின்ற நீர் வெதுவெதுப்பானவுடன் மறுபடியும் ஊற்றவேண்டும். ஓலையாலோ சாக்காலோ விசிறினால் மேலும் நன்று. மூச்சு அமைதியடையும்வரை, அரை மணித்தியாலமாயினும், இதனைத் தொடருக. விலங்கு தானாகக் குடிக்க முன்வந்தால் குடிக்க விடலாம். எழமுடியாத விலங்கின் வாயில் நீரைப் புகட்டுதல் கூடாது, அது நுரையீரலுட் சென்றுவிடும்.